மஞ்சள் துணி கட்டிய காட்டெலுமிச்சை

ஜூலை 3, ஞாயிறு

வெயில். காலை ஏழு மணிக்கே மாடித் தரை சுட்டது. இருபத்துமூன்று போன்சாய்த் தொட்டிக்கும் தண்ணீர். புளிக்கு இரண்டு முறை. அரசமரத்துக்கு இலை கிள்ளும் வேலை பாதியில் நிற்கிறது. இச்சியின் கிளையில் சுற்றிய கம்பி பட்டைக்குள் இறங்கிவிட்டது. மூன்று வாரம் முன்பே கழற்றியிருக்க வேண்டும். என் தவறு. இப்படி எழுதும் சந்தர்ப்பம் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் வருகிறது என்பதால் எழுதிவைக்கிறேன்.

வசந்தா காபியோடு மாடி ஏறி வந்தாள். கூடவே எதிர்மனைக்காரியின் புதுக் கண்டுபிடிப்பு.

"வளராத மரம் வீட்ல இருந்தா வீட்டுக்காரருக்கு ப்ரமோஷன் வராதாம்."

"மரம் வைக்கறதுக்கு முன்னாடியே வரலை."

"அதையும் சொன்னேன்," என்றாள். கீழே போய்விட்டாள்.

படப்பையில் மனை வாங்கிய எல்லோரும் வாஸ்து நிபுணர்கள். செப்டிக் டாங்க் எங்கே என்று மட்டும் ஒருவனுக்கும் தெரியாது.

சென்னை போன்சாய் சங்கத்திலிருந்து கடிதம். ஜனவரியில் வழக்கம்போல் கண்காட்சி. சென்ற ஜனவரியில் சங்கத் தலைவி என் புளியின் முன் நின்று தலையைச் சாய்த்துச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "நல்லாத்தான் இருக்கு மிஸ்டர் நடராஜன். ஆனா ரொம்பப் பழக்கின மாதிரி இருக்கு. இயற்கையா இல்லையே." பதினொரு வருட மரம். அவளுடைய மரங்களுக்குத் தண்ணீர் விடுவது ஒரு தோட்டக்காரன், வெட்டுவது இன்னொரு தோட்டக்காரன். பத்திரிகைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்பது மட்டும் அவள். நிற்பதும் இயற்கையாக இல்லை.

மாலை. ஒரகடம் வரை ஸ்கூட்டரில். எங்கள் ஆலைக்குப் பின்னால் இருக்கும் மேய்க்கால் புறம்போக்கில் செம்மண் எடுக்கப் போனேன். எடுக்கவில்லை. காரணம் கீழே.

ஒரு காட்டெலுமிச்சை (இனி கா.எ.). உயரம் என் முழங்காலுக்கு ஒரு சாண் மேல். அடித்தண்டு என் தொடைப் பருமன். தரையிலிருந்து இடப்பக்கம் சாய்ந்து, ஒரு தடவை திரும்பி, பிறகு மூன்றாகப் பிரிகிறது. கிளைகள் நெருக்கமாக, கணுக்கணுவாக. இலைகள் சுண்டுவிரல் நகம் அளவு. வயது நாற்பதுக்குக் குறையாது. வளரவிடாமல் வருடக்கணக்கில் கடித்துக் கடித்து இந்த உருவத்துக்குக் கொண்டுவந்தவை ஆடுகள். ஓர் ஆட்டுக்கும் சங்கத்தில் உறுப்பினர் அட்டை கிடையாது.

மரத்துக்கு முகம் எது என்று பார்க்க வேண்டும். தொட்டியில் வைக்கும்போது எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. குந்தி உட்கார்ந்து, எழுந்து, ஒரு கண்ணை மூடி, ஐந்தாறு சுற்று. கிழக்குப் பக்கம்தான் முகம்.

வேலமரத்து நிழலில் ஆடு மேய்க்கும் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது.

"இன்னா சார் தொலைச்சிட்ட?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணும் இல்லாததயா இம்மா நேரம் சுத்திச் சுத்தித் தேடிகினு கீற?"

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். இரண்டு மணி நேரம் ஆலையில் இருக்கும் மோ.வின் முகம் நினைவுக்கு வரவில்லை என்பதை வீடு திரும்பும்போதுதான் கவனித்தேன்.

ஜூலை 6, புதன்

மோ. என்று எழுதுவது மோகனரங்கனை. பன்னிரண்டு வருடம் முன்பு டிப்ளமோவோடு வந்து, அளவுக் கருவியைத் தலைகீழாகப் பிடித்தவன். பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். நான் இயற்பியல் முதுகலை, முதல் வகுப்பு, தரப்பிரிவில் துணை மேலாளர், பதினைந்து வருடமாக அதே நாற்காலி. அவன் இப்போது ஆலைத் தலைவர். நாற்காலி சுழலும்.

இன்று கூட்டம். பின்னாலிருக்கும் மேய்க்காலில்தான் இரண்டாவது ஆலை. நிலம் கைக்கு வந்துவிட்டதாம். மோ. படம் போட்டுக் காட்டினான். என் கா.எ. இருக்கும் இடத்தில் லாரி எடைமேடை.

ஆடி பிறக்கப்போவதால் பூமி பூஜை, மண் வேலை எல்லாம் ஆவணி முதல் தேதிக்குப் பிறகாம். வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு இதை எப்படி விளக்குவது என்று பத்து நிமிட விவாதம். கணினியில் வண்டி வண்டியாகக் கணக்குப் போடும் கூட்டம், ஒரு மாதத்துக்கு மண்ணில் கை வைக்கப் பயப்படுகிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எனக்கு அந்த ஒரு மாதம் தேவை.

கூட்டம் முடிந்து எழும்போது மோ. எல்லோருக்கும் கேட்கும்படி: "நடராஜன் சாருக்கு இந்த எக்ஸ்பேன்ஷன் எல்லாம் பிடிக்காது. அவருக்குப் பெருசா வளர்ற எதுவும் பிடிக்காது." எல்லோரும் சிரித்தார்கள். கொள்முதல் பிரிவுக்காரன் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

அவனிடம் போய் ஒரு மரம் வேண்டும் என்று கேட்பதா? வேறு வேலை இருக்கிறது.

ஜூலை 10, ஞாயிறு

வானம் மூடியிருந்தது, பெய்யவில்லை. வேலைக்கு நல்ல நாள்.

முறை: இப்படிப்பட்ட மரத்தை ஒரே நாளில் பெயர்த்தால் சாகும். முதலில் பாதி வட்டம் தோண்டி வேர்களை அறுக்க வேண்டும். ஐந்து வாரத்தில் அறுத்த இடத்தில் சல்லிவேர் விடும். பிறகு மறுபாதி. பிறகு மண்ணோடு சாக்கில் கட்டித் தூக்கலாம். கணக்குப்படி ஆகஸ்ட் 14. ஆவணிக்கு மூன்று நாள் முன்.

கொண்டுபோனவை: கடப்பாரை, மண்வெட்டி, மடக்கு ரம்பம், ஆற்று மணல் ஒரு சாக்கு, மஞ்சள் தூள் (அறுத்த வேரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க), தண்ணீர்க் கேன் இரண்டு.

தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அரை வட்டம். ஒன்றரை அடி ஆழம். கட்டைவிரல் பருமனில் நான்கு வேர். அறுத்து, மஞ்சள் தூள் அப்பி, மணல் நிரப்பி, தண்ணீர். சேறு ஒட்டியதால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தேன். மண்ணைக் கையால் அழுத்த மண்டியிட வேண்டியிருந்தது. முழங்கால் இப்போது வலிக்கிறது.

கன்னியம்மா பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ரம்பத்தைத் துடைத்துப் பைக்குள் வைக்கும்போது திரும்பினேன். ஆட்டை அதட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஓர் ஏற்பாடு. ஒப்பந்தக்காரன் ஆட்கள் முன்கூட்டியே வந்து முள் வெட்டினால்? எங்கள் ஆலையில் மூன்று நிறம். பச்சை கட்டினால் போகலாம். சிவப்பு கட்டினால் கழிவு. மஞ்சள் கட்டினால் முடிவு தெரியும்வரை ஒருவரும் தொடக் கூடாது, அது ஹோல்டு. கட்டியவன் கையெழுத்துப் போட்டு அவிழ்த்தால்தான் உண்டு. இந்த ஊரில் ஒழுங்காக நடக்கும் ஒரே விதி அதுதான், அதை எழுதியவன் நான். மஞ்சள் துணி ஒரு முழம் கிழித்துத் தண்டில் சுற்றிக் கட்டினேன். கூடவே மஞ்சள் அட்டை. தேதி, கையெழுத்து.

திருப்தி. அந்தச் சொல்லை எழுதிப் பல நாளாயிற்று.

ஜூலை 15, வெள்ளி

ஒன்றுவிட்டு ஒருநாள் ஷிப்ட் முடிந்ததும் தண்ணீர். ஸ்கூட்டரில் கேனோடு போவதைக் காவலாளி பார்த்து, "டெய்லி எங்க சார்?" என்றான். வேண்டுதல் என்றேன். ஒரு முட்டாளுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்.

கா.எ. வாடவில்லை. ஆடுகளைக்கூட இப்போது அதில் மேயவிடுவதில்லை கன்னியம்மா. கேட்டேன். "உனுக்கு வேணும்னு தெரியுது, வாய் வெச்சா நீ கத்துவ," என்றாள். ஆச்சரியம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சொல்லாமல் புரிந்துகொண்ட முதல் ஜீவன்.

இன்று மடலில் மோ.: ஆலை வளாகத்தைப் பசுமையாக்க எல்லோரும் ஆலோசனை தர வேண்டுமாம். நான்கு ஏக்கர் முள்காட்டை வழித்தெடுத்துவிட்டு எட்டு அசோக மரம் நடுவான், படம் பிடிப்பான்.

ஜூலை 22, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தெருவுக்குத் தெரு குழாய் ஒலிபெருக்கி. படப்பையிலிருந்து ஒரகடம் வரை ஒரே பாட்டு விட்டுவிட்டுக் கேட்டது.

கா.எ. தண்டில் குங்குமம்.

மூன்று பொட்டு, வரிசையாக. துணிக்கு மேலே. அட்டையில் என் கையெழுத்தின் மேல் ஒன்று. துடைத்தேன். பட்டையின் வெடிப்புக்குள் போனது வரவில்லை. எந்தப் பைத்தியக்காரி?

ஜூலை 29, வெள்ளி

மூன்று செங்கல். ஒரு சூலம், கட்டடக் கம்பியை வளைத்துச் செய்தது. கண்ணாடி வளையல் இரண்டு கிளைகளில் மாட்டியிருந்தது. மெல்லிய கிளை, நான் அடுத்த வருடம் கம்பி சுற்றலாம் என்று வைத்திருந்தது.

நான்கு பெண்கள். அதில் ஒருத்தி எங்கள் ஆலைக் கேன்டீனில் தட்டு கழுவுபவள்.

"சார் வண்ட்டாரு, வழி வுடுங்கடி," என்றாள்.

"என்ன இது?"

"இன்னா சார் ஒண்ணும் தெரியாத மாறி கேக்கற? மஞ்சத்துணி அம்மன். நீதான மொதல்ல கண்டது?"

"நானா?"

இன்னொருத்தி விரல் விட்டு எண்ணினாள். நான் சுற்றி வந்தேனாம். செருப்பைக் கழற்றி வைத்தேனாம். மண்டியிட்டு அழுதேனாம் (வியர்வை). மஞ்சள் போட்டேனாம். மஞ்சள் துணி கட்டினேனாம். ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றுகிறேனாம். காவலாளியிடம் வேண்டுதல் என்று என் வாயாலேயே சொன்னேனாம்.

ஒவ்வொன்றும் உண்மை. தரப்பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவன், இவ்வளவு சாட்சியத்தை நானே ஒரு தவறான முடிவுக்கு அடுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த இடத்திலேயே ஒருத்தி செம்பிலிருந்து பாலை எடுத்து வேரில் ஊற்றினாள். அறுத்த வேரில். இன்னொருத்தி தண்டை ஒட்டிச் சூடம் ஏற்றினாள். பட்டை கருகும் வாசனை, எலுமிச்சை வாசனையோடு.

"நிறுத்துங்க!"

நிறுத்தினார்கள். கேன்டீன்காரி மெதுவாக, பயத்தோடு: "அம்மா உத்தரவா சார்?"

"ஆமா."

எழுதவே கூசுகிறது. சொன்னேன்.

உத்தரவுகள் (அங்கேயே ஒப்பித்தவை):
பால், இளநீர் கூடாது. தண்ணீர் மட்டும், ஒரு செம்பு, மணல் போட்ட பக்கத்தில்.
சூடம் மூன்றடி தள்ளி.
இலையில் மஞ்சளோ குங்குமமோ படக் கூடாது.
வளையல் கிளையில் மாட்டக் கூடாது, சூலத்தில் மாட்டலாம்.
ஆணி அடித்தால் குடும்பத்துக்கு ஆகாது. (இது நானாகச் சேர்த்தது. வேலை செய்யும் என்று தெரியும்.)

கேன்டீன்காரி வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். எங்கள் ஆலையில் வேலைமுறைத் தாளை ஒருவனும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

வீட்டில் வசந்தாவிடம் சொன்னேன். ஐந்து நிமிடம் சிரித்தாள். கல்யாணமான புதிதில் இப்படிச் சிரித்துப் பார்த்தது.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

சிறு தூறல். மணலை லேசாகத் தோண்டிப் பார்த்தேன் (பெண்கள் போன பிறகு). சல்லிவேர். வெள்ளையாக, நூல் நூலாக, ஒரு கைப்பிடி. மரம் தயார். இனி மறுபாதியை அறுத்துத் தூக்கினால் பிழைத்துக்கொள்ளும்.

கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது ஒருத்தனும் நினைவுக்கு வருவதில்லை என்று முன்பெல்லாம் பெருமையாக எழுதியிருக்கிறேன். பொய். வருகிறார்கள். மோ. வருகிறான், தலைவி வருகிறாள். எதிர்மனைக்காரியும்தான். ஆனால் சின்னதாக வருகிறார்கள், மாடியிலிருந்து பார்ப்பதுபோல். அது போதும்.

14ஆம் தேதி அதிகாலை. ஒருவரும் எழுந்திருக்காத நேரம். தொட்டிகூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பழுப்பு, நீள்சதுரம்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஸ்கூட்டரில் கடப்பாரை, மண்வெட்டி, சாக்கு, சணல்.

அங்கே முப்பது பேர்.

ஆடிக் கடைசி ஞாயிறு. கூழ். ராத்திரியே அடுப்பு போட்டிருக்கிறார்கள். பந்தலுக்குக் கால் நட ஆள் தேடிக்கொண்டிருந்த ஒருவன் என் மண்வெட்டியைப் பார்த்து, "பாத்தியா, சாரே எடுத்துகினு வந்துட்டாரு!" என்றான். கைதட்டல்.

பந்தலுக்கு நான்கு குழி தோண்டினேன். என் கடப்பாரையால், என் கையால்.

கன்னியம்மா பெரிய குண்டான் பக்கத்தில் நின்றாள். கூழை ஊற்றி, வெங்காயம் போட்டு நீட்டினாள். "குடி சார். குழி தோண்டனவனுக்கு ரெண்டு சொம்பு." அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன்.

கூழ் நன்றாக இருந்தது. இதுவும் ஒரு குறிப்பு.

ஆகஸ்ட் 17, புதன்

ஆவணி ஒன்று. பூமி பூஜை முடிந்து பத்து நிமிடத்தில் பொக்லைன் மேய்க்காலில் இறங்கியது. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலமரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பதினொரு மணிக்குச் சத்தம் நின்றது. பதினொன்றரைக்கு மோ.விடமிருந்து அழைப்பு: உடனே வாங்க.

கா.எ.யிலிருந்து இருபதடி தள்ளிப் பொக்லைன் நின்றது. வாளி மேலே தூக்கியபடி. முன்னால் எழுபது எண்பது பேர். ஓட்டுநர் கீழே இறங்கி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். முருகேசன், சங்கரன்கோயில் பக்கத்துக்காரனாம்.

"பாறைய உடைக்கச் சொல்லுங்க, உடைக்கேன். மஞ்சத்துணி கட்டுன மரத்துல வாளிய வைக்க மாட்டேன் சார். எங்க ஊர்ல ஒருத்தன் வச்சான், கை விளங்காமப் போயிட்டு. வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"யோவ், அது மரம்யா," என்றான் மோ.

"எல்லா அம்மனும் மொதல்ல மரந்தான்," என்றான் முருகேசன். கூட்டம் ஆமோதித்தது.

மோ. விறுவிறுவென்று மரத்துக்குப் போனான். பளபளக்கும் ஷூவோடு மணலில் கால் வைத்தான். "செருப்பு! செருப்பு!" என்று ஐம்பது குரல். பின்வாங்கினான். குனிந்து அட்டையைப் பார்த்தான். குங்குமத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். நிமிர்ந்தான்.

"நடராஜன். இது நம்ம ஹோல்டு டேக். உங்க கையெழுத்து."

அவன் முட்டாள் இல்லை. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மணலைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனான். தோளில் கை.

"சார், இது உங்க மாடிக்குத்தானே? முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அவங்க முன்னாடி போய் டேகை அவிழ்த்து, இது சாமி இல்ல, போன்சாய்க்கு நான் கட்டினதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. பொக்லைன் வாளியில அடிமண்ணோட அள்ளி, லாரியில ஏத்தி, சாயங்காலம் உங்க வீட்ல இறக்கிடறேன். ஒரு வேர் அறுபடாது."

உண்மைதான். ஒரு வேர்கூட அறுபடாது. கடப்பாரையும் சாக்கும் வைத்துக்கொண்டு நான் கனவுகூடக் காண முடியாத மண் உருண்டை. ஜனவரியில் கண்காட்சி மேசையின் நடுவில் கா.எ. தலைவி தலையைச் சாய்க்கிறாள், சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் கண்ணெதிரே ஓடியது. நாற்பது வருட மரம், இன்று மாலை, என் மாடியில்.

"ஹோல்டு போட்டவர்தானே ரிலீஸ் பண்ணணும்? நீங்க எழுதின ரூல்," என்றான் மோ. சிரித்தான். அளவுக் கருவியைத் தலைகீழாகப் பிடித்தபோது சிரித்த அதே சிரிப்பு.

திரும்பிப் பார்த்தேன். கேன்டீன்காரி கைகூப்பி நின்றாள். கன்னியம்மா கைகூப்பவில்லை. கோலை ஊன்றி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிலீஸ் பண்ண முடியாது," என்றேன்.

"என்ன?"

"முடியாது. ஹோல்டு."

மரத்துக்கு நேர் எதிரே போய்ச் செருப்பைக் கழற்றினேன். அட்டையைத் துடைத்தேன். பேனாவை எடுத்து இன்றைய தேதி போட்டு இன்னொரு கையெழுத்து. பின்னால் குலவைச் சத்தம். காது அடைத்தது.

ஊருக்காகச் செய்தேன் என்று எழுத மாட்டேன். மரத்துக்காக என்றும் நிச்சயமில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவனிடம் முடியாது என்று சொல்ல எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம். அதற்கு ஒரு மரம் விலை. கொடுத்தாயிற்று.

சாப்பிடவில்லை. பழுப்புத் தொட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

சென்னைத் தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முடிவு: எடைமேடை கிழக்கே நாற்பதடி நகரும். மரத்தைச் சுற்றி ஐந்து சென்ட் விட்டுக் கம்பிவேலி. ஊர்ப்பக்கம் ஒரு வாசல், வாசலுக்கு நடைபாதை. நிர்வாகத்தின் சார்பில் பொறுப்பாளர்: நான். மோ. கையெழுத்திட்ட கடிதம். "உள்ளூர் உணர்வுகளைப் புரிந்துகொண்டவர் என்ற முறையில்." பதினைந்து வருடத்தில் எனக்கு வந்த முதல் புதிய பொறுப்பு.

வசந்தா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "எதிர்வீட்ல சொல்லிடவா, ப்ரமோஷன் வந்துடுச்சுன்னு?"

செப்டம்பர் 4, ஞாயிறு

மூன்று நாளாக மாலையில் நல்ல மழை. வேலி போட்டாயிற்று.

சங்கத்தின் விண்ணப்பப் படிவம். மரத்தின் பெயர், வயது, வளர்த்தவர் பெயர். புளியை அனுப்புவதானால் மூன்றையும் நிரப்பலாம். பழக்கின மாதிரித்தான் இருக்கும். கா.எ.யாக இருந்தால் மூன்றாவது கட்டத்தில் ஆடு என்று எழுதியிருக்க வேண்டும். படிவம் அலமாரியில்.

போய்ப் பார்த்தேன். கவலை. மழையும் சல்லிவேரும் சேர்ந்து எல்லாக் கணுவிலும் துளிர். நுனிக்கிளைகள் ஒரு சாண் நீண்டுவிட்டன. புது இலை ஒவ்வொன்றும் பழைய இலையைப்போல் மூன்று மடங்கு. வேலி வந்ததால் ஆடு உள்ளே வராது. கடிக்க வாய் இல்லை. இப்படியே விட்டால் இரண்டு வருடத்தில் ஆளுயரப் புதர். நாற்பது வருட உருவம் உள்ளே மறைந்து, அடிக்கிளைகள் வெளிச்சமில்லாமல் காயும்.

பொக்லைனிடமிருந்து தப்பியது பக்தியிடம் சாகும்.

செப்டம்பர் 10, சனி

மழை இல்லை, மேகம். அரை நாள் வேலை. மதியம் இரண்டு மணி, அந்த நேரத்தில் ஒருவரும் வருவதில்லை. பூஜைப் பை: மேலே வெற்றிலை, பழம். அடியில் கத்தரிக்கோல்.

வேலி வாசலைச் சாத்திவிட்டு ஆரம்பித்தேன். முதலில் மேல்நோக்கிப் போகும் துளிர்கள். பிறகு உள்நோக்கியவை. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை விட்டு மேலே வெட்டு. ஆடு எப்படிக் கடித்திருக்கும் என்று யோசித்து யோசித்து. எலுமிச்சை வாசனை கையெல்லாம். கிழக்கு முகம் மெல்ல வெளியே வந்தது. அரை மணி நேரம், வேறு ஒரு நினைவும் இல்லை. இந்தத் தடவை உண்மையாகவே இல்லை.

"இன்னா சார், சாமிக்கு முடி வெட்றியா?"

வேலிக்கு வெளியே கன்னியம்மா. பின்னால் ஆடுகள். கத்தரிக்கோலைப் பைக்குள் போடப்போய்ப் பழம் கீழே விழுந்தது.

"வளந்துகிட்டே போகுது... நான்..."

"வுடு சார். எனுக்குத் தெரியாதா? அன்னிக்கி ரம்பம் பாத்தேன். வேரை அறுக்கறவன் சாமி கும்புட வந்தவனா?"

பழத்தைப் பொறுக்கினேன்.

"அப்ப ஊர்ல..."

"நான்தான் போய் சொன்னேன். ஆலக்கார சாரு ஒர்த்தரு அம்மாவ கண்டுகினாருன்னு." கோலால் வேலியைத் தட்டினாள். "இன்னா பண்ண சொல்ற? மேய்க்கா மொத்தமும் பூடும்னாங்க. எங்க பேச்ச எவன் கேப்பான்? நீ பேன்ட்டு போட்ட ஆளு. நீ மஞ்சத்துணி கட்னன்னா கேப்பான்." நடைபாதையைக் காட்டினாள். இரண்டு பக்கமும் புல். ஏரிக்கரை வரை போகிறது. அதில்தான் அவளுடைய ஆடுகள் இப்போது மேய்ந்துகொண்டிருந்தன. "அஞ்சி செண்ட்டு, ஒரு பாதை. அது போதும் எனுக்கு."

இந்தத் தொழிற்பேட்டையில் என்னை ஏமாற்றியவர்கள் பட்டியல் ஒன்று இருக்கிறது, நீளமானது. ஒவ்வொருவரையும் எழுதும்போது பேனா அழுந்தும். அவள் பெயரை எழுதும்போது அழுந்தவில்லை. காரணம் தெரியவில்லை.

"அன்னிக்கி அந்த ஆபீசர் கூட்டிகினு போய் பேசனப்போ வுட்டுக் குட்துருவியோன்னு நெனச்சேன் சார்," என்றாள். "குடுக்கல."

மரம் கிடைத்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அவள் வேலியோடு முகத்தை வைத்து நான் வெட்டிய பக்கத்தையும் வெட்டாத பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டு ஒரு நுனியைக் காட்டினாள். "இத்த வுட்டுட்ட. எங்க கருப்பி இத்த மொதல்ல கடிக்கும்."

பார்த்தேன். சரிதான். அதை வெட்டினால்தான் இரண்டாவது கிளை தெரியும். பதினொரு வருடம் சங்கத்தில் இருந்திருக்கிறேன்.

வெட்டினேன்.

ஆடுகளைத் திரட்டிக்கொண்டு கிளம்பினாள். பத்தடி போய்த் திரும்பி, கையை ஆட்டி:

"செவ்வா வெள்ளில வெட்டாத சார். சாமி முடி."

அடுத்த வெட்டு: மூன்று வாரம் கழித்து. சனி அல்லது ஞாயிறு. செவ்வாய், வெள்ளி நீங்கலாக.